பன்னிரண்டு வயது இதயம்

மூச்சை உள்ளே இழுத்தால் இடது விலா குத்தியது. வெளியே விட்டால் வலது விலா குத்தியது. அதனால் தலாம் பாதி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தான். கல் குவாரியில் வருடக்கணக்காகச் சம்மட்டி பிடித்த உடம்பு அது. சம்மட்டி இப்படி வலி கொடுத்ததில்லை. நேற்று இலகு ஓட்டம். இன்றும் இலகு ஓட்டம். வேக ஓட்டம் உள்ள நாட்களில் அவன் சந்தோஷமாக எழுந்து போவான். வேக ஓட்டத்தில் யாரும் யாரையும் அடிப்பதில்லை.

கெரியோ பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிற எங்கள் கப்தலேலில், காலையில் ஓடாதவன் ஒன்று நொண்டியாக இருப்பான், இல்லை பாதிரியாராக இருப்பான். இருட்டு விலகும் முன்பே செம்மண் சாலையில் ஐம்பது அறுபது பேர் கூட்டமாக இறங்கிவிடுவார்கள். இலகு ஓட்டத்துக்கு எங்களுக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான். கதை பேசிக்கொண்டே ஓட வேண்டும். கதை நின்றால் வேகம் கூடிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒருவன் முன்னால் போகிறவனின் பிறப்பைப் பற்றி ஏதாவது சொல்வான். வேகம் குறையும். இப்படி ஓடித்தான் பதக்கங்கள் வந்தன. பிறகு இரண்டு வருடம் வரவில்லை. மாவட்ட அரசு விசாரணை வைத்தது. எங்கள் இதயங்கள் கட்டுப்பாடில்லாமல் துடிப்பதாக அறிக்கை வந்தது. அதன் பேரில் இதய நிதான ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆணையத்தின் தலைவர் டாக்டர் பிர்கென். எங்கள் இனத்தார்தான். ஆனால் நைரோபியில் பிறந்து, குளிர் நாடு ஒன்றில் ஆறு வாரம் படித்து வந்தவர். முதல் நாள் சந்தைத் திடலில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

“இங்க யாரையும் தண்டிக்க நாங்க வரல. நிதானத்தைக் கொண்டு வந்திருக்கோம். நிதானம் தானா வராதுங்கிறது ஆராய்ச்சியில தெரிஞ்ச விஷயம். அதுக்குத்தான் சாங் வந்திருக்கார்.”

சாங் சிறைக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுந்து நின்று கும்பிட்டார். கையில் குண்டாந்தடி இருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் எழுந்தார்கள். அவர்கள் கும்பிடவில்லை.

எல்லாருக்கும் துடிப்பை எண்ணுகிற நெஞ்சு வார் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். இலகு ஓட்டத்தில் துடிப்பு நூற்றி நாற்பதைத் தாண்டினால் வார் கோழிக்குஞ்சு மாதிரி கீச்சிடும். கீச்சிட்டவன் மேல் தடி விழும். தடி விழுந்ததும் துடிப்பு ஏறும். வார் மறுபடி கீச்சிடும். மறுபடி தடி விழும். இதற்கு ஆணையத்தின் அறிக்கையில் மறுகுற்றம் என்று பெயர். முதல் மாதத்திலேயே மறுகுற்றங்கள் பெருகிவிட்டதாகவும், ஆணையம் எவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுவதாகவும் பிர்கென் ஆளுநருக்கு எழுதினார்.

தலாம் ஒருநாள் வீங்கிய உதட்டோடு அவர் அறைக்குப் போனான்.

“சார், அடிச்சா துடிப்பு கூடுது சார்.”

“அடிக்கிறதுக்கு முன்னாடியே கூடியிருந்துச்சு இல்ல?”

“அது ஏத்தம் சார். ஏத்தத்துல எல்லாருக்கும்தான் கூடும்.”

பிர்கென் யோசித்தார். “நல்ல வேளை சொன்ன. ஏத்தத்தை நாங்க கவனிக்கிறோம்.”

மறுநாள் ஏற்றத்தில் இன்னும் இரண்டு காவலர்கள் நின்றார்கள்.

அதற்குப் பிறகு ஏற்றம் வந்தால் நாங்கள் நடந்தோம். நடந்தாலும் கீச்சிட்டவர்கள் நின்று நின்று நடந்தார்கள். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஊரின் ஓட்டக்காரர்கள் காலைப் பனியில் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊர்ந்து போனார்கள். விறகுக் கட்டோடு வந்த பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருநாள் ஜெமேலியும் தாண்டினாள். இரண்டு கையிலும் பால் கேன். கூட்டுறவு லாரி கிளம்பும் முன் மேட்டுக்கு ஏற வேண்டிய அவசரம் அவளுக்கு. தலாமுக்கும் அவளுக்கும் பேசி முடித்திருந்தது. பெண்ணுக்காகத் தலாம் தர வேண்டிய மாடுகள் கைமாறிவிட்டன. சோள அறுவடை முடிந்ததும் கல்யாணம். அவன் கண்ட கனவுகளில் ஓட்டத்தைவிட அவள்தான் அதிகம் வந்தாள்.

“என்ன, சாவு ஊர்வலமா?” என்றாள் ஜெமேலி. “யாரு செத்தது?”

“நிதானமாத்தான் சாகுறோம் அண்ணி,” என்றான் லெலேய். லெலேய் தலாமின் கூட்டாளி. இருபத்துமூன்று வயது. எதற்கும் அசராத சோம்பேறி இதயம் அவனுக்கு. அவன் வார் கீச்சிட்டு யாரும் கேட்டதில்லை.

தலாம் சிரித்துவிட்டான். சிரித்ததில் துடிப்பு ஏறியது. வார் கீச்சிட்டது. சாங்கின் தடி அவன் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று செம்மண்ணில் போய் விழுந்தது.

ஜெமேலி பால் கேன்களைக் கீழே வைத்தாள். “சிரிச்சதுக்கா அடிச்ச?”

“துடிச்சதுக்கு,” என்றார் சாங். “சிரிப்பைப் பத்தி எனக்கு உத்தரவு இல்ல.”

அவள் ஒரு கல்லை எடுத்து அவர் நெற்றியில் எறிந்தாள். நெற்றி பிளந்தது. சாங் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, வார் கட்டாத பெண்ணை அடிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, அதற்குப் பதிலாகத் தலாமின் விலாவில் இரண்டு போட்டார். தலாமின் வார் அப்போதும் கீச்சிட்டுக்கொண்டிருந்ததால் அது சட்டப்படி சரி.

வயதுப் பிரச்சினை வந்தது அடுத்த மாதம்தான். எல்லா இதயத்துக்கும் ஒரே வரம்பு பொருந்தாது என்று பிர்கென் ஏதோ ஒரு புத்தகத்தில் படித்துவிட்டார். இருநூற்றிருபதில் வயதைக் கழித்தால் ஒரு மனிதனின் உச்சத் துடிப்பு வரும். அந்த உச்சத்தை வைத்துத்தான் இலகு ஓட்டத்தின் வரம்பைப் போட வேண்டும். ஆகவே எல்லாரும் அடையாள அட்டையோடு வரச் சொன்னார். வந்தோம். எங்கள் ஊரில் இளையோர் போட்டிக்காக வயதைக் குறைத்து எழுதாதவன் கிடையாது. அட்டைகளின்படி கப்தலேலில் இருபது வயதைத் தாண்டிய ஓட்டக்காரன் ஒருவனும் இல்லை. மூன்று பிள்ளை பெற்றவனுக்குப் பதினேழு.

பிர்கென் அட்டைகளைத் தள்ளி வைத்தார். “காகிதம் பொய் சொல்லும். இதயம் பொய் சொல்லாது. வயசை வெச்சு உச்சத்தைக் கண்டுபிடிக்க முடியும்னா, உச்சத்தை வெச்சு வயசையும் கண்டுபிடிக்க முடியும். கணக்கு ரெண்டு பக்கமும் நடக்கும்.”

உச்சத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளத்தாக்குச் சரிவில் எங்களை மேலே ஓட விட்டார்கள். பின்னால் சாங் இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டார். ஓடி முடித்தவனின் துடிப்பை ஆணையத்தின் கணக்கர் சத்தமாகப் படித்து, இருநூற்றிருபதிலிருந்து கழித்து, வயதைப் பேரேட்டில் எழுதினார். ஓடி முடிக்காதவனை ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகு மறுபடி ஓட விட்டார்கள்.

லெலேய் நாய்க்குக் கூடப் பயப்படவில்லை. நின்று, “வா, கடி,” என்றான். நாய் கடித்தது. அவன் துடிப்பு நூற்றி அறுபத்திரண்டு. வயது ஐம்பத்தெட்டு.

தேன் விற்க வந்த கிழவர் யாத்தோர் வேடிக்கை பார்க்க வந்து வாரை மாட்டிக்கொண்டார். அவர் இதயம் ஏற்கெனவே தாறுமாறாக அடிக்கிற ரகம். இருநூற்று முப்பத்தொன்று. கணக்கர் கழித்துப் பார்த்தார். மறுபடி கழித்தார். “மைனஸ் பதினொண்ணு,” என்றார்.

“அப்படின்னா?” என்றார் யாத்தோர்.

“இன்னும் பதினோரு வருஷம் கழிச்சுத்தான் பொறப்பீங்க.”

“நான் பொறக்கலைன்னா இந்தத் தடி யாருது?”

தடி கணக்கரின் காதில் இறங்கியது. காவல் நிலையத்தில் புகார் எடுக்க மறுத்துவிட்டார்கள். பிறக்காதவர் மேல் வழக்குப் போடப் படிவம் இல்லையாம்.

தலாமின் துடிப்பு இருநூற்று எட்டு. சின்ன வயதிலிருந்தே அவன் நெஞ்சு குருவி நெஞ்சு மாதிரி அடிக்கும். அப்படி அடித்துக்கொண்டே நாள் முழுக்கக் கல் உடைப்பான், இரண்டு மலை ஏறுவான். இருபத்தாறு வயது ஆண். பேரேட்டில் பன்னிரண்டு என்று விழுந்தது.

இது வேறு ஊரில் நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்களில் ஓர் ஆணுக்கு வருடக்கணக்கு கிடையாது, கூட்டம்தான் உண்டு. ஒரே பருவத்தில் விருத்தசேதனக் கத்தி பட்டவர்கள் ஒரு கூட்டம். சாகிற வரைக்கும் அந்தக் கூட்டம்தான் அவன் வயது. கத்தி படாதவன் முப்பதானாலும் சின்னப் பையன். அவனுக்குப் பெண் கிடையாது, சபையில் முக்காலி கிடையாது. எந்தப் பெரியவனும் அவனை எந்தக் காரணமும் சொல்லாமல் அறையலாம். பட்டியல் சந்தைச் சுவரில் ஒட்டப்பட்டது. ஆளுநரின் முத்திரை இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தலாமை நான்கு பேர் அறைந்தார்கள். அதில் இருவர் அவனோடு சேர்ந்து கத்தி பட்டவர்கள். பட்டியல் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அவன் நேராக ஜெமேலியின் அப்பா சிர்மாவிடம் போனான். சிர்மா ஆணையத்தின் மூத்தோர் குழுவில் இருந்தார். அதற்கென ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

“மாமா, இது என்ன அநியாயம்?”

“மாமான்னு கூப்பிடாத. பன்னெண்டு வயசுப் பையன் தாத்தான்னுதான் கூப்பிடணும்.”

“என் மூஞ்சில சேறு பூசி, கத்தி வெக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தது நீங்க. காஞ்ச சேத்துல விரிசல் விழுந்துச்சா?”

“ஒரு விரிசல் விழல,” என்றார் சிர்மா. “முகம் சுளிக்காம கல்லு மாதிரி நின்ன. உன் அப்பன்கிட்ட நானே சொன்னேன்.”

“அப்புறம் ஏன் பட்டியல்ல கையெழுத்துப் போட்டீங்க?”

“டீ குடுத்தாங்க.” சிர்மா பள்ளத்தாக்கைப் பார்த்தார். “குடிச்சிட்டு எப்படிப் போடாம இருக்கறது? இப்ப உனக்குப் பொண்ணைக் குடுத்தா சின்னப் பையனுக்குக் குடுத்தேன்னு என் கூட்டத்துக்காரனே என் மூஞ்சில துப்புவான். மாட்டை ஓட்டிட்டுப் போ.”

ஜெமேலி மாட்டுக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மாட்டை ஓட்டிட்டுப் போனா உன் காலை உடைப்பேன்,” என்றாள் தலாமிடம். அவள் பேச்சில் ஆறுதல் அப்படித்தான் வரும்.

பன்னிரண்டு வயது என்பதால் தலாமை ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். பெஞ்சில் அவன் முழங்கால் நுழையவில்லை. வாத்தியார் அவனோடு குவாரியில் வேலை பார்த்துப் பிறகு படித்து முன்னேறியவர். ஆணையத்தின் காவலர் ஜன்னலில் நின்றதால் அவனைப் பிரம்பால் அடித்தார். அடித்துவிட்டு, சாயங்காலம் உகாலிக் களி சாப்பிட வீட்டுக்கு வா என்று காதில் சொன்னார். போனான். வாத்தியாரின் மனைவி சின்னப் பையன்களுக்குச் சமையலறை வாசலில்தான் சோறு என்று அங்கேயே வைத்தாள்.

லெலேய்க்கு நேர்மாறாக நடந்தது. ஐம்பத்தெட்டு வயது என்பதால் பெரியவர்களோடு முக்காலியில் உட்கார வைத்தார்கள். பானையில் நீளக் குழல் விட்டு எல்லாரும் சேர்ந்து பியர் உறிஞ்சுகிற இடத்தில் அவனுக்கும் ஒரு குழல் கிடைத்தது. எல்லை வழக்குகளில் தீர்ப்புச் சொன்னான். தீர்ப்பு சரியாகவே இருந்தது என்று பலர் சொன்னார்கள். ஒருநாள் தலாம் அந்த வழியாகப் போனபோது கூப்பிட்டான்.

“டேய் பையா, பெரியவங்க முன்னாடி தலை குனியாமப் போறியா?”

கன்னத்தில் பளாரென்று விட்டான். விட்டுவிட்டு மெதுவாக, “மன்னிச்சுக்கடா, எல்லாரும் பாக்குறாங்க,” என்றான்.

“கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா?”

“மெதுவா அடிச்சா என்னை இருபத்திமூணுன்னு சந்தேகப்படுவாங்க.”

டிசம்பர் வந்தது. எங்கள் பக்கம் சடங்குகள் நடக்கிற மாதம். ஆணையம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. இதய வயது பதினைந்துக்குக் கீழே உள்ள ஆண்கள் அனைவருக்கும், இயல்பான வளர்ச்சியை உறுதி செய்யும் பொருட்டு, ஆணையத்தின் செலவில் சடங்கு நடத்தப்படும். முதல் பெயர் தலாம்.

அவன் பிர்கென் அறைக்கு ஓடினான். ஓடியதில் வார் கீச்சிட்டது. வாசலிலேயே இரண்டு அடி வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தான்.

“சார், எனக்கு அது ஆயிடுச்சு சார். எட்டு வருஷத்துக்கு முன்னாடி. ஊரே பாத்துச்சு.”

“எட்டு வருஷத்துக்கு முன்னாடியா?” பிர்கென் பேனாவை எடுத்தார். “இப்ப உனக்குப் பன்னெண்டு. அப்ப உனக்கு நாலு. நாலு வயசுக் குழந்தைக்குச் சடங்கு நடத்துனது பெரிய குற்றமாச்சே. யாரு நடத்துனது? பேரைச் சொல்லு.”

பெயரைச் சொன்னால் கத்தி வைத்தவரோடு பக்கத்தில் நின்ற சிர்மாவும் ஜெயிலுக்குப் போவார் என்று தலாமுக்குத் தெரியும்.

“சொல்ல மாட்டியா? அப்ப நடக்கல.”

“நடந்ததுக்கு என் உடம்புலயே சாட்சி இருக்கு சார்.”

“உடம்பைப் பாக்குறது எங்க வேலை இல்ல. அது சுகாதாரத் துறை.” பிர்கென் குரலைத் தணித்துக்கொண்டார். “தம்பி, நான் கொடுமைக்காரன் இல்ல. உனக்கு ஒரு மேல்முறையீடு தரேன். சடங்கு நாள் காலையில திடல்ல மறுபரிசோதனை. உச்சத் துடிப்பு நூற்றித் தொண்ணூத்தி நாலுக்கு இறங்கி வந்தா இருபத்தாறு வயசுன்னு நானே மாத்தி எழுதுறேன். நீ பதட்டப்படாம இருந்தாப் போதும். என்ன நடந்தாலும் பதட்டப்படாத.”

அன்று சாயங்காலம் ஜெமேலி பால் கேன்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “பள்ளத்தாக்குல எங்க சித்தி இருக்கா. ஓடிப் போயிடலாம்.”

“ஓடினா துடிக்கும்.”

“துடிச்சா என்ன? அங்க யாரு அடிக்கப் போறா?”

“அங்க போனாலும் நான் சின்னப் பையன்தான். நாளைக்கு நமக்குப் பொறக்குற பையனை எந்தக் கூட்டத்துல சேப்பாங்க?”

ஜெமேலி கேனை ஓங்கித் தரையில் அடித்தாள். கேன் நசுங்கியது.

சடங்கு நாளன்று ஊர் முழுக்கத் திடலுக்கு வந்திருந்தது. எங்கள் வழக்கப்படி எல்லார் கையிலும் பச்சைக் குச்சி இருந்தது. பெரியவர்கள் கையில் தடி. தலாமின் முகத்தில் சேறு பூசி நடுவில் நிறுத்தினார்கள். நெஞ்சில் வார். எதிரே கத்திக்காரர் ஒருவர், ஆணையம் எல்டோரெட் நகரத்திலிருந்து கூட்டி வந்தவர், கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வேட்டைநாய்கள் சங்கிலியை இழுத்தன.

“ஓடு,” என்றார் பிர்கென்.

தலாம் ஓடவில்லை. ஓடினால் ஏறும். ஓடாவிட்டால் இறங்கி நிற்கும் என்பது அவன் கணக்கு.

“ஓடாதவன்கிட்ட உச்சத்தை எப்படி எடுக்கறது?” என்று கணக்கர் கேட்டார்.

“எடுத்துக் குடுக்கணும்,” என்றார் சாங்.

ஆறு பேர் சுற்றி நின்று அடித்தார்கள். முதுகில், தோளில், கழுத்தில். தலாம் அசையவில்லை. சேறு காய்ந்து வெளுத்தது. அதில் ஒரு கோடு விழவில்லை. எட்டு வருடத்துக்கு முன் நின்ற மாதிரியே நின்றான். சாங் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தலாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். முகத்துச் சேறு அப்போதும் அப்படியே இருந்தது. உள்ளே நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது.

கணக்கர் வாரின் துடிப்பைக் காட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். “இருநூத்தி ஒன்பது. ஒரு வயசு கொறஞ்சிருக்கு சார். பதினொண்ணு.”

“மேல்முறையீடு தள்ளுபடி,” என்றார் பிர்கென். “சடங்கைத் தொடங்கலாம்.”

ஜெமேலி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அழவில்லை. “இவரு எந்தக் கூட்டம்?” என்று பிர்கெனைக் காட்டிக் கேட்டாள்.

சிர்மா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். கேள்வி நியாயமானது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சடங்கைத் தொடங்கி வைக்கிறவன் முதலில் தன் கூட்டத்தைச் சொல்ல வேண்டும்.

“எனக்குக் கூட்டமெல்லாம் கிடையாது,” என்றார் பிர்கென். “நைரோபியில, ஆஸ்பத்திரியில, மயக்க மருந்து குடுத்து…”

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. தூங்கும்போது கத்தி பட்டவனை அன்றுதான் எங்கள் ஊர் நேரில் பார்த்தது.

“அப்ப வயசாவது சொல்லுங்க,” என்றார் சிர்மா.

“ஐம்பத்தொண்ணு.”

“அது காகித வயசு. காகிதம் பொய் சொல்லும்னு நீங்கதானே சொன்னீங்க. வாரை மாட்டுங்க.”

பிர்கென் சிரித்தார். “தாராளமா. நான் தினமும் இலகுவா ஓடுறவன். என் துடிப்பு எப்பவும் நிதானம்.” சட்டையைக் கழற்றி, வாரை மாட்டிக்கொண்டு, கைகளை விரித்து நின்றார். “பாருங்க. ஒரு சமுதாயத்துக்குத் தலைமை தாங்குறவன் இதயம் எப்படி இருக்கணும்னு பாருங்க. அடி விழுந்தாலும் இடி விழுந்தாலும் அசையாம இருக்கணும். மத்தவங்களுக்கு விழுந்தப்ப நான் ஒரு தடவை கூட அசையல.”

லெலேய் முக்காலியிலிருந்து சாங்கைக் கூப்பிட்டான். “நாயை அவுத்து விடு.”

“தலைவர் மேலயா? முடியாது.”

“நான் ஐம்பத்தெட்டு. அவரை விட ஏழு வயசு மூத்தவன். பட்டியல்ல போட்டிருக்கு. ஆளுநர் முத்திரை இருக்கு. மூத்தவன் சொல்றேன், அவுத்து விடு.”

சாங் வாழ்நாள் முழுக்க உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர். சுவரில் இருந்த பட்டியலை ஒருமுறை பார்த்தார். முத்திரை இருந்தது. சங்கிலியை விட்டார்.

பிர்கென் நன்றாகவே ஓடினார். திடலை இரண்டு முறை சுற்றினார். மூன்றாவது சுற்றில் யாத்தோர் தடியை நீட்டினார். பிர்கென் மண்ணில் விழுந்தார். ஒரு நாய் தொடையைக் கவ்வியது. இன்னொன்று தோளைக் கவ்வியது. வார் இடைவிடாமல் கீச்சிட்டது. கணக்கர் கடமை தவறாமல் பக்கத்தில் குனிந்து படித்தார்.

“இருநூத்தி இருபது.” கழித்தார். “பூஜ்யம்.”

“பூஜ்யம்னா?” என்றார் சிர்மா.

“இப்பத்தான் பொறந்திருக்கார்.”

அதற்கு மேல் அது ஆண்கள் வேலை இல்லை. பிறந்த பிள்ளையைப் பார்ப்பது பெண்கள். நாய்களை உதைத்து விலக்கிவிட்டு இருபது முப்பது பேர் பிர்கெனைத் தூக்கி, மாட்டுத் தொட்டியில் முக்கிக் குளிப்பாட்டினார்கள். பிள்ளை கத்தியது. கத்தினால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார்கள். தலையை மழித்தார்கள். சோளத்தட்டை அறுக்கிற கத்திதான் கைவசம் இருந்தது. அதனால் மயிரோடு கொஞ்சம் தோலும் போனது. பிறகு பெயர் வைக்க வேண்டும். எங்களில் செத்துப்போனவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி மூக்கில் பொடி வைப்பார்கள். எந்தப் பெயருக்குப் பிள்ளை தும்முகிறதோ அந்த ஆள்தான் திரும்பி வந்திருக்கிறான். ஜெமேலியின் அம்மா இடுப்பிலிருந்து பொடி டப்பாவை எடுத்தாள். நான்கு பெண்கள் பிர்கெனின் கைகால் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

“விடுங்க, நான் ஒரு அரசு அதிகாரி,” என்றார் பிர்கென்.

“பேசக் கூடாது கண்ணு, இன்னும் பல்லே மொளைக்கல,” என்று ஒருத்தி அவர் வாயில் குத்தினாள். பிறகு அது ஓரளவு உண்மையானது.

காவலர்கள் இதைத் தடுக்க வந்தார்கள். ஊர் அவர்களைத் தடுக்க எழுந்தது. பச்சைக் குச்சிகள் முதல் சுற்றிலேயே ஒடிந்து தீர்ந்தன. அதன் பிறகு தடிகள், கற்கள், முக்காலிகள், கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி. சாங்கின் தாடை இரண்டாக உடைந்தது. கத்திக்காரர் கத்தியைப் போட்டுவிட்டு எல்டோரெட் பக்கம் ஓடினார். கணக்கர் பேரேட்டின் மேல் படுத்து அதைக் காப்பாற்றினார். அவர் முதுகைக் காப்பாற்ற யாரும் இல்லை. லெலேய்க்குத் தலையில் எட்டுத் தையல். நான் இடது கையில் அடிபட்டேன், அந்தக் கையின் கட்டைவிரல் இன்றும் மடங்காது.

இவ்வளவுக்கும் நடுவில் ஜெமேலியின் அம்மா நிதானமாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு பெயருக்குப் பிர்கென் மூச்சை அடக்கிக்கொண்டார். “கிப்சோய்,” என்றாள். பிர்கென் ரத்தமும் பொடியுமாகத் தும்மினார். அந்தப் பெயருக்கு மட்டும் அவள் இரண்டு விரல் பொடி கூடுதலாக வைத்தாள் என்று லெலேய் சொல்கிறான். அவன் தலையில் அடிபட்டவன். அவன் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

கிப்சோய் சிர்மாவின் அப்பாவிடம் ஒரு செவலைக் கிடாரியைக் கடனாக ஓட்டிப் போய், திருப்பித் தராமலே செத்தவர். பெயரோடு கடனும் வரும் என்பது எங்கள் வழக்கம்.

ஆளுநர் வானொலியில் வருத்தம் தெரிவித்தார். “தாக்குதல் நடத்துனவங்க எல்லாரும், ஆணையத்தின் பதிவுப்படி, ஒண்ணு சிறுவர்கள், இல்ல பிறக்காதவங்க. முன்னால நின்ன ஒருத்தர் மரியாதைக்குரிய முதியவர். ஆகவே வழக்குத் தொடர வழி இல்ல. ஆணையம் தன்னோட பணியைத் தொடரும்.” தொடர்கிறது. புதிய தலைவர் வந்திருக்கிறார். பழைய பட்டியலை ரத்து செய்யப் பழைய தலைவரின் கையெழுத்து வேண்டுமாம். பூஜ்ய வயதில் கையெழுத்துச் செல்லாதாம். தலாமுக்கு அரசாங்கத்தில் இன்னும் பதினொன்றுதான்.

ஊர் அவனுக்கு வேறு கணக்கு வைத்தது. முழங்கால் உடைந்தும் சேற்றில் விரிசல் விழாத முகத்தைத் திடலில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். சிர்மா தானாக வந்து, “மாமான்னு கூப்பிடுடா,” என்றார். அறுவடை முடிவதற்கு முன்பே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்தோம். ஜெமேலி சுரைக்குடுவையிலிருந்து புளித்த பாலை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். “கால் போச்சுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத,” என்றாள். “நான் ரெண்டு கால் வெச்சிருக்கேன்.” அந்தக் கால் மடங்கவில்லை. இனி மடங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். தலாம் இனி ஓட மாட்டான். குவாரியில் உட்கார்ந்தபடி ஜல்லி உடைக்கிறான். அங்கே யாரும் அவன் நெஞ்சைக் கேட்பதில்லை.

கல்யாணத்தில் சிர்மா மகளுக்குக் கறவைக்காக ஒரு கிடாரி தருவதாகச் சொன்னார். எது என்று கேட்டபோது, கிப்சோய் தர வேண்டிய அந்தக் கிடாரி என்றார். ஜெமேலியின் அம்மா எல்டோரெட் ஆஸ்பத்திரிக்குப் போய், பிர்கென் கட்டிலின் கால்மாட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

“அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி வாங்குன கடன்மா,” என்றார் பிர்கென், கட்டுப்போட்ட வாயால்.

“எல்லாக் கடனும் அப்படித்தான் கண்ணு,” என்றாள் அவள். “நீ பொறந்ததே அன்னிக்குத்தானே.”

தருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டு மாதமாகிறது. செவலைக் கிடாரி ஒன்று. வாங்கியவர் கிப்சோய், தர வேண்டியவர் பிர்கென், கட்ட வேண்டிய இடம் ஜெமேலியின் கொட்டகை. இன்னும் வரவில்லை.